முதுகு நிமிர்ந்த பிறகு வரும் ஆண்டுகள்

ஏழு மாதக் கர்ப்பத்துடன் ஒரு பெண் என் அறைக்கு வந்தார். பதினாறு வயதில் ஸ்கோலியோசிஸுக்கு, அதாவது முதுகுத்தண்டின் பக்கவாட்டு வளைவுக்கு, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். பிரசவத்தின்போது முதுகில் ஊசி போட வேண்டி வரலாம் என்பதால் மயக்க மருந்து மருத்துவர் பழைய எக்ஸ்ரேயைக் கேட்டிருக்கிறார். அது கையில் இல்லை. திருமணப் பேச்சு எடுத்தபோது அம்மா அந்தக் கோப்பைப் பரணில் போட்டுவிட்டாராம். மருத்துவமனைக்குப் போவதும் அன்றோடு நின்றுவிட்டது.

இயன்முறை மருத்துவராக இப்படிப் பலரைப் பார்க்கிறேன். ‘கம்பி வைத்தாகிவிட்டது, இனி கவலையில்லை’ என்று நம்பிப் போனவர்கள். உண்மையில் வளைவை நிமிர்த்த முதுகுத்தண்டில் பொருத்தும் கம்பியும் (ராடு) ஸ்குரூவும் தற்காலிகக் காவல்தான். அடியில் வைத்த எலும்புத் துகள்கள் வளர்ந்து முள்ளெலும்புகளை ஒன்றாகப் பிணைக்க வேண்டும். அந்தப் பிணைப்பே முதுகைக் கடைசிவரை தாங்கும். ஓரிடத்தில் அது கூடாமல் போனால், மடக்கி மடக்கி நிமிர்த்திய கம்பி முறிவதுபோல உள்ளே இருக்கும் ராடும் ஒருநாள் முறியும். அது இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்தும் நடக்கும். புகைப்பவர்களிடம் இந்த ஆபத்து அதிகம்.

நீண்ட காலம் தொடர்ந்து பார்த்ததால்தான் பல பாடங்கள் கிடைத்தன. அமெரிக்காவின் ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் உருவாக்கி, 1962இல் மருத்துவ இதழில் எழுதிய ராடு அன்று பெரும் புரட்சி. வளைவு நிமிர்ந்தது. ஆனால் இடுப்பின் கீழ்ப்பகுதிவரை ராடு வைக்கப்பட்டவர்கள் பலருக்கு அங்கே இயல்பாக இருக்க வேண்டிய குழிவு தட்டையாகிப்போனது. பல ஆண்டுகள் கழித்து அவர்கள் முழங்காலை மடக்காமல் நிமிர்ந்து நிற்க முடியாமல் தவித்தார்கள். அறுவை முடிந்த மாதத்து எக்ஸ்ரேயில் இந்தத் துன்பம் தெரிந்திருக்காது.

வளரிளம் பருவத்தில் செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் நன்றாக வாழ்கிறார்கள். படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். பெரியவர்களுக்குச் செய்யும் சிக்கலான அறுவை வேறு கதை. பல நாட்டு மையங்கள் சேர்ந்து 272 பேரைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், வீடு திரும்பும்போது ஐந்தில் ஒருவருக்கும் மேல் காலில் முன்பைவிட வலுக் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் அது ஏறத்தாழ பத்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் முன் ‘எனக்கு இந்த ஆபத்து எவ்வளவு?’ என்று மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொன்றையும் கேளுங்கள்: கம்பி எந்த எலும்புவரை போகிறது? இடுப்பெலும்புவரை போனால் முதுகை வளைத்துக் குனிவது ஏறக்குறைய இல்லாமல் போகும். தரையோடு வாழும் நமக்கு அது சின்ன விஷயமல்ல. அறுபது கடந்த ஓர் அம்மாவுக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது, நடையும் நேராகியிருந்தது. ஆனாலும் என் முன்னால் அழுதார். கோலம் போட முடியவில்லை. கால் மெட்டியைச் சரிசெய்யக்கூட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. மலம் கழித்தபின் கழுவிக்கொள்ள முடியாததை, மகள் வெளியே போன பிறகுதான் மெல்லச் சொன்னார். முன்பே யாராவது சொல்லியிருந்தால் மேலைக் கழிப்பறையும் கைத்தெளிப்பானும் தயாராக இருந்திருக்கும், நீண்ட கைப்பிடியுள்ள உபகரணங்களை முன்பே பழகியிருப்பார். அவருடைய கண்ணீரில் பாதி எங்கள் துறையின் மௌனத்தால் வந்தது.

நெடுநாள் அமைதியாக இருந்த முதுகில் புதிதாக வலி வந்தாலும், தழும்பில் நீர் கசிந்தாலும், உடல் முன்னோக்கிச் சாய்வதாகத் தோன்றினாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்தக் கர்ப்பிணியின் அம்மா பரணில் ஏறிக் கோப்பைத் தேடி எடுத்துவந்தார். ஈரத்தில் ஓரம் கறுத்திருந்த எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் வைத்தோம். ஸ்குரூக்கள் முதல் இடுப்பு முள்ளெலும்போடு நின்றிருந்தன. ஊசி போட வேண்டிய இடம் அதற்கும் கீழே, தொடப்படாமல் இருந்தது. கணவர் அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. மறைக்க வேண்டியிருந்தது என்ற நினைப்பு அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது.