எர்த்திங், பாண்டிங்: புவித்தொடுப்பும் பிணைப்பும்

குளியலறை வயரிங் பற்றிப் பேச்சு வந்தால் எலக்ட்ரீஷியன் வாயில் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வரும்: எர்த்திங், பாண்டிங். கேட்பவர் காதில் இரண்டும் "எர்த் கம்பி" என்றே விழும். இரண்டுக்கும் அதே பச்சை-மஞ்சள் கம்பிதான் என்பதால் பார்த்தும் பிரித்தறிய முடியாது. ஆனால் இரண்டும் செய்கிற வேலை வேறு.

எர்த் என்பது தந்திக் காலத்துச் சொல். 1838-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ஆகஸ்ட் வான் ஸ்டைன்ஹைல், நூரெம்பெர்க்-ஃபூர்த் ரயில் பாதையின் தண்டவாளங்களையே தந்திக் கம்பியாக்கிப் பார்த்தார். மின்சாரம் தண்டவாளத்தோடு நிற்காமல் மண்ணுக்குள் கசிந்தது. மண்ணே கடத்துகிறது என்றால் மின்சாரம் திரும்பிவர இன்னொரு கம்பி எதற்கு என்று அவருக்குப் பட்டது. அதன் பிறகு தந்திக்கு ஒற்றைக் கம்பி போதும் என்றானது. இரு முனையிலும் உலோகத் தகட்டை மண்ணில் புதைத்துவிட்டால் மீதி வழியை மண் பார்த்துக்கொள்ளும். ஆக, அந்தத் தொடக்கத்தில் எர்த் பாதுகாப்பு ஏற்பாடே அல்ல, மின்சாரம் திரும்பும் பாதை. அமெரிக்கர்கள் இதையே கிரவுண்ட் என்கிறார்கள்.

வீட்டு வயரிங்கில் எர்த்திங் என்றால், ஹீட்டர் போன்ற சாதனத்தின் உலோக உடலைப் பாதுகாப்புக் கம்பி வழியாக எர்த்தோடு தொடுத்து வைப்பது. உள்ளே லைன் கம்பி உடலில் பட்டுவிட்டால் பெரிய மின்னோட்டம் பாய்ந்து எம்சிபி (மின்னோட்டம் எல்லை மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழ வேண்டும், அதுதான் நோக்கம். "ஷாக்கை மண் இழுத்துக்கொள்ளும்" என்று பலர் நம்புகிறார்கள். மண்ணுக்கு அப்படி ஒரு பசி கிடையாது. மின்சாரம் தான் புறப்பட்ட டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பத்தான் வழி தேடும். தோட்டத்தில் ஒரு கம்பியை அடித்து இறக்கியிருக்கிறீர்கள், அந்த வழியின் மொத்த மின்தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டுக்குப் பாய்வது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது, ஹீட்டர் உடல் உயிரோடு இருந்துகொண்டே இருக்கும். மண்ணை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்குக் கசிவைப் பார்த்து அணைக்கும் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும் என்பது இதனால்தான்.

அப்புறம் பாண்டிங். இன்றைக்கு இந்தச் சொல்லைச் சொன்னால் பாதிப் பேருக்கு அம்மா-பிள்ளை பாசம்தான் நினைவுக்கு வரும்! மூலத்தில் இது கட்டுதல். பைண்ட், பேண்ட், பாண்ட் எல்லாம் ஒரே குடும்பம். தமிழில் பிணை என்ற வேர் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பிணைத்தல் என்றால் கட்டுதல், பிணை என்றால் ஜாமீன். ஆங்கிலத்து பாண்டுக்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு.

எர்த்திங்குக்குத் தமிழில் புவி இணைப்பு, தரை இணைப்பு, புவித்தொடுப்பு என்று பல சொற்கள் புழங்குகின்றன. நான் புவித்தொடுப்பு பக்கம். இணைப்பு என்பது குழாய் இணைப்பு, கேபிள் இணைப்பு என்று எல்லாவற்றுக்கும் வருகிற சொல். எர்த்திங்கும் இணைப்பு, பாண்டிங்கும் இணைப்பு என்றால் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கிற வேறுபாட்டைத் தமிழில் நாமே அழித்துவிடுவோம். எர்த்திங் புவித்தொடுப்பு, பாண்டிங் பிணைப்பு. முழுப் பெயர் வேண்டுமானால் சம மின்னழுத்தப் பிணைப்பு.

அந்த "சம" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. ஹீட்டருக்குள் லைன் உடலில் பட்டுவிட்டது. எர்த் சரியாகத்தான் இருக்கிறது, மண்ணை நம்பாமல் கம்பி வழியாகவே டிரான்ஸ்ஃபார்மர்வரை போகிறது. லைன் கம்பியும் எர்த் கம்பியும் ஒரே தடிமன் என்றால், எம்சிபி விழும்வரை ஹீட்டர் உடலில் ஏறத்தாழ பாதி, அதாவது 115 வோல்ட் நிற்கும். எர்த் செய்த உடல் எப்போதும் பூஜ்யம்தான் என்பது தவறான எண்ணம். விழ ஆகும் நேரம் 0.4 வினாடிவரை இருக்கலாம் என்று சர்வதேச விதிகளே அனுமதிக்கின்றன. அந்த நேரத்தில் ஒருவரது ஒரு கை ஹீட்டரில், இன்னொரு கை மண்ணிலிருந்து நேரே வரும் இரும்புக் குழாயில். குழாய் பூஜ்யத்தில் இருக்கிறது, எனவே நெஞ்சின் குறுக்கே 115 வோல்ட். உலர்ந்த தோலுக்கு ஓரளவு தடை உண்டு. நனைந்த உடலில் அது 1000 ஓம் அளவுக்கும் இறங்கிவிடும். அப்படியானால் 115 மில்லிஆம்பியர். ஆர்சிசிபி-யையே 30 மில்லிஆம்பியரில் விழும்படி வைக்கிறார்கள் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது குழாயையும் ஹீட்டர் உடலையும் தடித்த கம்பியால் பிணைத்துவிட்டால்? ஹீட்டர் 115-க்கு ஏறும்போது குழாயும் கூடவே ஏறும். குழாயிலும் வோல்டேஜ் வந்துவிட்டதே என்று தோன்றும், உண்மைதான். ஆனால் இரண்டு கைகளுக்கும் இடையே வித்தியாசம் இல்லை, அதனால் அவற்றுக்கு நடுவே பாயவும் எதுவும் இல்லை. பிணைப்பின் வேலை எதையும் மண்ணுக்கு அனுப்புவதல்ல, கைக்கு எட்டுகிற உலோகங்களுக்குள் ஏற்றத்தாழ்வு வராமல் பார்த்துக்கொள்வது.

செய்யும் விதம் எளிது, சோம்பலும் அங்கேதான் வரும். குழாயில் பெயின்ட் இருந்தால் பளபளக்கும் வரை சுரண்ட வேண்டும், அதன் மேல் கிளாம்ப், அதில் பச்சை-மஞ்சள் கம்பி. பெயின்ட்டின் மேலேயே கிளாம்பை இறுக்கிவிட்டுப் போனால் பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது.

எல்லாவற்றையும் பிணைத்துவிடலாமே என்றால் அதுவும் சரியில்லை. பிளாஸ்டிக் குழாயின் முனையில் தண்ணீர் திறக்கும் உலோகத் திருகு எதோடும் தொடர்பில்லாமல் தனியாக நிற்கிறது. அதைப் பிணைத்தால் இல்லாத எர்த்தை நாமே அங்கே கொண்டுவந்து வைத்ததாகும்; ஒரு கை மின்சாரத்தில் பட்டிருக்கும்போது இன்னொரு கை அதைத் தொட்டால் மின்சாரத்துக்கு அது ஒரு வழியாகிவிடும். பிரிட்டன் வயரிங் விதிகளும் 2008 பதிப்பிலிருந்து, குளியலறைச் சுற்றுகள் எல்லாவற்றுக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (ஆர்சிசிபி போன்ற கசிவுத் துண்டிப்பான்) இருந்து, வீட்டுக்குள் நுழையும் உலோகக் குழாய்கள் முதன்மைப் பிணைப்பில் சரியாகச் சேர்ந்து, துண்டிப்பு நேரமும் விதிக்குள் இருந்தால், குளியலறைக்குள் கூடுதல் பிணைப்பைத் தவிர்க்கலாம் என்கின்றன.

எலக்ட்ரீஷியனிடம் "எர்த் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்ற பதில்தான் வரும். அது புவித்தொடுப்புக்கு மட்டுமான பதில். சில இடங்களில் சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிட்டுக்கூட அப்படிச் சொல்வார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்த அன்று ஹீட்டர் உடலில் முழு 230-ம் நிற்கும். கேள்வியை இரண்டாகக் கேளுங்கள்: இந்த எர்த் எங்கிருந்து வருகிறது? குழாய் உலோகமாக இருந்தால், ஹீட்டர் உடலுக்கும் குழாய்க்கும் நடுவே எத்தனை ஓம்? இரண்டாவதுக்குப் பதில் சொல்ல அவர் மீட்டரை எடுத்தே ஆக வேண்டும். பிணைப்பு ஒழுங்காக இருந்தால் முள் ஒரு ஓமுக்கும் கீழேதான் காட்டும்.