மத்தூர் முதலில் வருமா, மதகொண்டப்பள்ளியா?

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்ப்பெயர்களை வரிக்கு ஒன்றாக அடித்து, அகர வரிசையில் அடுக்கித் தரும்படி கணினியிடம் கேட்டுப் பாருங்கள். அகராதி புரட்டிப் பழகியவர்கள் மத்தூருக்குப் பிறகுதான் மதகொண்டப்பள்ளியைத் தேடுவார்கள். மெய்யெழுத்தான ‘த்’ முன்னால், உயிர்மெய்யான ‘த’ பின்னால் என்பது நம் வழக்கம். ஆனால் பல நேரம் மதகொண்டப்பள்ளிதான் முதலில் வந்து நிற்கும். வேறொரு மென்பொருளில் அதே பட்டியல் சரியாக வரும். எந்த விதிப்படி அடுக்குவது என்று கணினியிடம் எங்கே, என்ன சொல்லி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது இது. மொழிக்கும் நாட்டுக்கும் உரிய இந்த விதிகளை மொத்தமாக லொகேல் என்கிறார்கள்.

யாரும் எதுவும் சொல்லாவிட்டால் கணினி எழுத்தைப் பார்க்காது, எண்ணைப் பார்க்கும். உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுத் தரமான யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை ஒதுக்கியிருக்கிறார்கள். நம் இரண்டு ஊர்களுக்கும் ‘மத’ வரை பொதுவானது. அடுத்ததாக மத்தூரில் வருவது புள்ளி, அதன் எண் 3021. மதகொண்டப்பள்ளியில் ‘க’, எண் 2965. சிறிய எண் முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். இதே கணக்கில் தழை தவிட்டுக்கு முன்னால் போகும் (ழ 2996, வ 2997). பனை பப்பாளியை முந்தும் (ன 2985, ப 2986). யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வகுத்த இஸ்கி தரத்தின் அடுக்கைப் பின்பற்றியது. அதனால் ‘ன’ போய் ‘ந’வுக்குப் பக்கத்திலும், ‘ற’ போய் ‘ர’வுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்துவிட்டன.

இந்தக் கோளாறு சோதனையில் எளிதில் சிக்காது. தருமபுரி மாவட்டத்தின் 7 வட்டங்களையும் கிருஷ்ணகிரியின் 8 வட்டங்களையும் சேர்த்து அடுக்கினால், எண் வரிசையும் அகராதி வரிசையும் ஒன்றாகவே இருக்கும்: அஞ்செட்டியில் தொடங்கிப் போச்சம்பள்ளியில் முடியும். மென்பொருள் எழுதியவர் வட்டங்களை வைத்துப் பார்த்து, ‘சரி, தமிழ் வரிசை வேலை செய்கிறது’ என்று கொடுத்துவிட்டுப் போகலாம். கிராமங்கள் உள்ளே வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

வரிசை என்பது லொகேலின் ஒரு பிரிவு மட்டுமே. லினக்ஸ் இயங்குதளத்தில் நிரல்கள் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் அடிப்படை நூலகமான கிளிப்சியில் ஒரு லொகேலுக்கு 12 பிரிவுகள்: எழுத்து வகை, வரிசை, எண், பணம், தேதி, செய்தி, தாள் அளவு, முகவரி, தொலைபேசி என்று நீளும். தாள் அளவெல்லாம் எதற்கு என்று தோன்றும். கணினியை நிறுவும்போது கேட்ட கேள்விக்கெல்லாம் ‘அடுத்தது’ தட்டி அமெரிக்க ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டால், அச்சுப்பொறி 279 மில்லிமீட்டர் உயரமுள்ள லெட்டர் தாளை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடும். நாம் வைப்பதோ 297 மில்லிமீட்டர் ஏ4. தேதியும் தலைகீழாகும். 04/05 என்பது நமக்கு மே 4, அமெரிக்க விதிப்படி ஏப்ரல் 5.

பணத்தைப் பிழையாகப் படித்தால் நஷ்டம் பெரியது. கிருஷ்ணகிரி மண்டியில் மாங்காய்க் கணக்கு எழுதுபவருக்குப் பன்னிரண்டரை லட்சம் என்றால் 12,50,000. மாங்கூழை ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலையின் பில்லில் அதுவே 1,250,000. ஜெர்மன் வாடிக்கையாளரின் கணினியில் 1.250.000. அங்கே கமாவும் புள்ளியும் இடம் மாறிவிடும். லொகேல் கோப்பில் இதற்கு இருப்பது ஒரு சின்ன வரிதான்: இந்திய விதியில் ‘3;2’, அதாவது வலப்பக்கமிருந்து முதலில் மூன்று இலக்கம், அப்புறம் இரண்டிரண்டாக. ஜெர்மன் விதிப்படி 12.500 என்று எழுதிய பன்னிரண்டாயிரத்து ஐந்நூறை நம் ஊர் நிரல் பன்னிரண்டரை என்று படித்துவிட்டு, எந்த எச்சரிக்கையும் தராமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். மனிதர் பார்ப்பதற்கு லொகேல், இயந்திரங்கள் தமக்குள் பரிமாறுவதற்குக் கமாவே இல்லாத வெற்று எண் என்று பிரித்து வைப்பதுதான் நல்லது.

இந்த விதிகள் மனிதர் படிக்கக்கூடிய உரைக்கோப்புகளாகத்தான் எழுதப்படுகின்றன. தமிழுக்கு டிஏ, இந்தியாவுக்கு ஐஎன். இரண்டையும் அடிக்கோட்டால் இணைத்தால் டிஏ_ஐஎன் என்ற கோப்பு. இலங்கைத் தமிழுக்கு டிஏ_எல்கே என்று தனியாக இருக்கிறது. ஆனால் நிரல்கள் இந்தக் கோப்பை நேரடியாகப் படிப்பதில்லை. எழுத்தின் வகை, வரிசை எடை (எது முன், எது பின் என்று காட்டும் எண்) எல்லாம் சேர்ந்து பெரிய அட்டவணையாகும். ஒவ்வொரு சின்னக் கட்டளையும் தொடங்கும்போதெல்லாம் அதை வரிவரியாகப் படித்துப் புரிந்துகொண்டிருந்தால் கணினி தவழும். மாம்பழ சீசனில் கூழாக்கி டின்னில் அடைத்துவிட்டால் ஆண்டு முழுக்கத் திறந்து ஊற்ற வேண்டியதுதானே, அதுபோல விதிகளை ஒரே ஒருமுறை கம்பைல் செய்து, அதாவது கணினி நேரடியாகப் பயன்படுத்தும் பைனரி வடிவுக்கு மாற்றி, வைத்துவிடுகிறார்கள்.

கம்பைல் செய்வது லொகேல்டெஃப் என்ற நிரல். அதற்கு இரண்டு உள்ளீடுகள் வேண்டும். ஒன்று விதிக்கோப்பு. மற்றொன்று எழுத்துக்குறி அட்டவணை, அதாவது எந்த எழுத்து எந்த பைட்டுகளாகச் சேமிக்கப்படும் என்ற பட்டியல். இன்று அது பெரும்பாலும் யூடிஎஃப்-8 தான். (யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய டிஸ்கி குறியாக்கத்துக்கும் கிளிப்சியில் அட்டவணை இருக்கிறது, பழைய தமிழ்க் கோப்பு கையில் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.) வெளிவரும் பைனரி ‘லொகேல்-ஆர்க்கைவ்’ என்ற ஒரே கோப்பில் சேரும். நிரல்கள் அதை நினைவகத்தில் விரித்து வைத்துப் பகிர்ந்துகொள்ளும்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் இன்னும் எளிது. இடிசி கோப்புறையில் லொகேல்.ஜென் என்ற பட்டியல் இருக்கும். அதில் வேண்டிய வரியின் முன்னாலுள்ள # குறியை நீக்கிவிட்டு, நிர்வாகியாக லொகேல்-ஜென் கட்டளையைக் கொடுத்தால் பட்டியலில் உள்ளவை மட்டும் கம்பைலாகும். வேண்டாததை நீக்க, # குறியைத் திரும்பப் போட்டு மறுபடி அதே கட்டளை. ஃபெடோரா என்ற இன்னொரு வகையில் ஏற்கெனவே கம்பைல் ஆன தமிழ்த் தொகுப்பைப் பொதியாக இறக்கிக்கொள்ளலாம். உலக லொகேல்கள் அத்தனையும் கம்பைல் செய்தால் நூறு மெகாபைட்டைத் தாண்டிவிடும். நமக்குத் தமிழும் இந்திய ஆங்கிலமும் போதும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தமிழைத் தேர்ந்தெடுப்பது வேறு, தமிழ் அந்தக் கணினியில் கம்பைலாகி இருப்பது வேறு. லேங் என்ற சூழல் மாறியில் (நிரல்கள் தொடங்கும்போது பார்க்கும் அமைப்பு) டிஏ_ஐஎன்.யூடிஎஃப்-8 என்று எழுதுவது பெயரைச் சொல்வது மட்டும்தான். நிரல் தொடங்கும்போது செட்லொகேல் என்ற அழைப்பின் வழியாக அந்தப் பெயருக்குரிய பைனரியைத் தேடும். கிடைக்காவிட்டால் ‘சி’ என்ற ஆதி லொகேலிலேயே தங்கிவிடும். அந்த லொகேலுக்கு எண் வரிசையும் ஆங்கில எழுத்துகளும்தான் தெரியும். ஓசூரிலிருந்து பெங்களூரில் உள்ள சர்வருக்கு, தொலைவிலிருந்து இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைபவர்களுக்கு இது பழகிய தொல்லை. மடிக்கணினி தன் லொகேல் பெயரையும் கூடவே அனுப்பிவைக்கும்; சர்வரில் அது கம்பைல் ஆகியிருக்காது; பெர்ல் மொழியில் எழுதிய நிரல் ஓடும்போதெல்லாம் ‘செட்டிங் லொகேல் ஃபெயில்டு’ என்று எச்சரிக்கை கொட்டும். எச்சரிக்கையை மறைக்க வழி தேடுவதைவிட, ‘லொகேல் -ஏ’ கொடுத்து அங்கே எவை உள்ளன என்று பார்த்து, இல்லாததைக் கம்பைல் செய்துவிடலாம்.

‘சி’ லொகேலில் மாட்டிய தமிழ் எப்படியிருக்கும் என்பதற்குத் தருமபுரி என்ற சொல்லே போதும். நம் கணக்கில் 5 எழுத்து. யூனிகோடு கணக்கில், இரண்டு உகரக் குறியும் ஓர் இகரக் குறியும் தனித்தனி என்பதால் 8. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24. யூடிஎஃப்-8 லொகேலில் எழுத்தெண்ணும் கட்டளை 8 என்கும். ‘சி’யில் 24 என்கும். அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருந்தால் ‘எல்எஸ்’ கட்டளை ‘த’ என்ற ஓர் எழுத்தையே 340, 256, 244 என்று மூன்று எண்களாகக் காட்டும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று பதறி அழிப்பவர்களும் உண்டு. கோப்பில் ஒரு குறையும் இல்லை, காட்டுபவருக்குத்தான் விதி தெரியவில்லை.

12 பிரிவுகளையும் ஒரே மொழியில் வைக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்த வசதி. பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வந்தால் இணையத்தில் தேட எளிது. வரிசையும் பணமும் தமிழ், இந்திய முறையில் இருந்தால் பட்டியல் ஒழுங்காக வரும். செய்திப் பிரிவான எல்சி_மெசேஜஸ் ஆங்கிலம், வரிசைப் பிரிவான எல்சி_கொலேட் தமிழ் என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். பிரிவுக்கென்று எதுவும் சொல்லாத இடத்தில் லேங் செல்லும். எல்சி_ஆல் என்று ஒன்று இருக்கிறது, அது எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு போகும். சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். நிரந்தரமாக எழுதி வைத்தால் நுணுக்கமாகப் பிரித்து வைத்த எதுவும் வேலை செய்யாது.

சரி, மத்தூருக்கு வருவோம். கிளிப்சி நம்பியிருக்கும் சர்வதேசப் பொது அட்டவணையில் வ, ழ, ள, ற, ன என்ற வரிசை தமிழ் முறைப்படியே இருக்கிறது. தவிடும் பப்பாளியும் தம் இடத்துக்கு வந்துவிடும். புள்ளிதான் வம்பு. ‘த்’ என்பதை ‘த’வும் புள்ளியுமாகப் பார்க்காமல் ஒரே அலகாக எடுத்து, ‘த’வுக்கு முன்னால் வை என்று தனியாகச் சொல்லவேண்டும். யூனிகோடு அமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் தொகுப்பின் தமிழ் விதியில் இது இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் மென்பொருள்கள் மத்தூரை முதலில் வைக்கும். உங்கள் கணினியில் இல்லையென்றால் நீங்களே எழுதலாம். டிஏ_ஐஎன் கோப்பை நகலெடுத்து, பெயரின் இறுதியில் @ போட்டு ஒரு அடைமொழி சேர்த்து, வரிசைப் பிரிவில் கொலேட்டிங்-எலிமென்ட் என்ற அறிவிப்பின் மூலம் மெய்களைச் சேர்த்து, லொகேல்டெஃப்பிடம் கொடுக்கவேண்டியதுதான்.

ஓசூர், தளி பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே தெருவில் புழங்கும். நான்குக்கும் இந்திய லொகேல் தனித்தனியாக உண்டு, ஒரே சர்வரில் நான்கையும் கம்பைல் செய்யலாம். லொகேல் என்பது ஓடும் நிரலுக்கு உரியது என்பதால் ஒருவர் கன்னடத்திலும் பக்கத்து இருக்கைக்காரர் தமிழிலும் ஒரே நேரத்தில் வேலை பார்க்க முடியும். ஒரே பட்டியலில் நான்கு எழுத்துகளும் கலந்து வந்தால் மட்டும் ஏதாவது ஒரு விதியைத்தான் தேர்ந்தாக வேண்டும்.

விதிகளும் காலத்துக்குக் காலம் மாறும். 2018இல் வந்த கிளிப்சி 2.28, வரிசை அட்டவணையைப் பெரிய அளவில் புதுப்பித்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வைத்திருந்தவர்களுக்கு அது தலைவலியானது. தரவுத்தளத்தின் அட்டவணைக் குறிப்பு, அதாவது இண்டெக்ஸ், பழைய வரிசைப்படி அடுக்கியது. இயங்குதளத்தை மேம்படுத்திய பிறகு தேடுவதோ புதிய வரிசைப்படி. இருக்கும் பெயரையே ‘இல்லை’ என்று சொல்லும், ஒரே பெயர் இரண்டுமுறை பதிவாகவும் இடம் கொடுக்கும். இண்டெக்ஸை மறுபடி கட்டினால் தேடல் சரியாகிவிடும். இதற்குள் இரட்டையாகப் பதிந்தவற்றைக் கையால்தான் களைய வேண்டும். போஸ்ட்கிரெஸின் பிந்தைய பதிப்புகள் வரிசை விதியின் பதிப்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, மாறினால் எச்சரிக்கின்றன. அப்படியொரு எச்சரிக்கை வந்தால் ஒதுக்கித் தள்ளிவிடாதீர்கள். அன்றே இண்டெக்ஸை மறுபடி கட்டும் ரீஇண்டெக்ஸ் கட்டளையைக் கொடுத்துவிடுங்கள்.