கம்ப்ரஸர் வாங்குமுன் வயரை யோசியுங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி என் பட்டறைக்கு வந்தது. "அண்ணா, ஏசி போட்டா ஏதோ பொசுங்குற வாசம் வருது" என்றார் ஓட்டி வந்த தம்பி. ஏசியில் கோளாறு எதுவும் இல்லை. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சிவப்பு வயர் கிளம்பி, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகட்டுச் சுவரான ஃபயர்வாலில் போட்ட துளை வழியாக உள்ளே நுழைந்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த, டயருக்குக் காற்று அடிக்கும் ஏர் கம்ப்ரஸரில் போய் முடிந்தது. துளையில் வயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையமான குரோமெட் இல்லை. தகட்டின் வெட்டு விளிம்பில் வயர் மாதக்கணக்கில் உரசி, மேலுறை நைந்து, செம்பு இழைகள் வெளியே தெரிந்தன. விளிம்பில் மிளகு அளவில் ஒரு கருப்புப் பொட்டு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அங்கே பொறி பறந்திருக்கிறது.

"ஃபியூஸ் போட்டிருக்காங்களே அண்ணா" என்று தம்பி காட்டினார். இருந்தது, சீட்டுக்கு அடியில், கம்ப்ரஸருக்குப் பக்கத்தில். பேட்டரிக்கும் அந்தத் துளைக்கும் நடுவில் பாதுகாப்பு என்று ஒன்றுமே இல்லை. செம்பு முழுதாகத் தகட்டில் ஒட்டியிருந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த வயர் வழியாகத் தள்ளியிருக்கும். சில நொடிகளில் வயர் பழுக்கும், பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் பிடித்துக்கொள்ளும். ஃபியூஸ் சீட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கும்.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்த வண்டிதான். கம்ப்ரஸர் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். மணலில் டயர் புதையாமல் இருக்க 15, 18 பிஎஸ்ஐக்கு (பிஎஸ்ஐ என்பது காற்றழுத்த அளவு) காற்றை இறக்கி ஓட்டிவிட்டு, அப்படியே தார்ச் சாலையில் ஏறி எண்பதில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்தச் சூடு உள்ளேயே சேர்ந்து டயர் வெடிக்கும். ஆகவே கம்ப்ரஸர் வேண்டும். ஆனால் வாங்குகிற பெட்டியைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிறவர்கள், அதற்கு மின்சாரம் கொண்டுபோகிற வயரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

முதலில் எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்த்துவிடுவோம். கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதனால் ஒரு டயரை 15-லிருந்து 30 பிஎஸ்ஐக்கு ஏற்ற வேண்டுமென்றால், அந்த டயரின் கொள்ளளவு எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு வெளிக்காற்றை உள்ளே திணிக்க வேண்டும். 255/65 ஆர்18 அளவு டயரின் உள்ளே சுமார் 65, 70 லிட்டர் இடம் இருக்கும். நாலு டயருக்கும் சேர்த்தால் 270 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்துக்கு எதிராக நிமிடத்துக்கு 35 லிட்டர் தள்ளும் கம்ப்ரஸர் இந்த வேலையை எட்டு நிமிடத்தில் முடிக்கும். 12 லிட்டர் தள்ளுகிற சின்ன மெஷினுக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் நடுவில் சூடாகி நிற்காமல் இருந்தால்.

"அழுத்தத்துக்கு எதிராக" என்று சொன்னதைக் கவனியுங்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் லிட்டர் கணக்கு, பெரும்பாலும் ஹோஸை எதிலும் மாட்டாமல் சும்மா ஊதவிட்டபோது கிடைத்தது. 30 பிஎஸ்ஐயில் எவ்வளவு தள்ளுகிறது, அப்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்ற அட்டவணையைக் கேளுங்கள். தராத கடையில் நான் வாங்க மாட்டேன்.

அடுத்து டியூட்டி சைக்கிள். 30 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் ஓடலாம், ஏழு நிமிடம் ஆற வேண்டும். இந்தக் கணக்கும் 25 டிகிரி வாக்கில் குளுகுளுவென்று இருக்கிற அறையில் பார்த்தது. நம் ஊர் சித்திரை வெயிலில், ஓடி வந்த எஞ்சினுக்குப் பக்கத்தில், அந்தக் கணக்கு நிற்காது. சூடு ஏறினால் தானே நின்றுகொள்ளும் தெர்மல் கட்-ஆஃப் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

லடாக் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு விஷயம். உயரம் ஏற ஏற வெளிக்காற்று மெலிகிறது. 5,300 மீட்டரில் கடல்மட்ட அழுத்தத்தில் பாதியளவுதான் இருக்கும், அதனால் அதே கம்ப்ரஸர் அதே டயரை நிரப்பக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். இன்னொன்று, கேஜ் காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும். 3,500 மீட்டரில் இருக்கும் லேயில் 32 பார்த்து நிரப்பிய டயர், சமவெளிக்கு இறங்கியதும் சுமார் 5 பிஎஸ்ஐ குறைவாகக் காட்டும். டயரில் ஓட்டை இல்லை, மறுபடி நிரப்பினால் போதும்.

இனி வயர். சிகரெட் லைட்டர் சாக்கெட் பல வண்டிகளில் 120 வாட்டுக்கானது, அதாவது 10 ஆம்பியர். வேலைக்கு ஆகும் கம்ப்ரஸர் 25, 30 ஆம்பியர் கேட்கும். இரட்டை மோட்டார் என்றால் 50-ஐத் தாண்டும். ஆகவே நேரே பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். பின்பக்கம் வைக்கிற கம்ப்ரஸருக்குப் போக 4 மீட்டர், வர 4 மீட்டர் வயர் என்று கொள்வோம். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் 30 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.6 வோல்ட் போய்விடும். அந்த இழப்பு சும்மா மறைவதில்லை, வயர் நெடுக 50 வாட் சூடாக மாறுகிறது. கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு பெரிய சால்டரிங் அயர்னைப் போட்டு வைத்தது போல. அதே இடத்தில் 10 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்தான். மோட்டாரும் முக்காமல் ஓடும்.

வயர் வாங்கும்போது நுனியில் ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையுமாக இருந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு பூசியது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஆட்டோ வயர்தான் வண்டியின் குலுக்கலைத் தாங்கும்.

ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அது காப்பாற்றுவது வயரை. 30 ஆம்பியர் கம்ப்ரஸர், 10 ஸ்கொயர் வயர் என்றால் 40 ஆம்பியர் ஃபியூஸ் சரி. "அடிக்கடி போகுது" என்று 60 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபியூஸ் போகிறதென்றால் எங்கோ தவறு என்று அது சொல்கிறது, வாயை அடைக்காதீர்கள். டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக முழுக் கரண்டையும் ஓடவிடக் கூடாது. சுவிட்ச் ஒரு ரிலேவை, அதாவது சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சாதனத்தை, மட்டும் இயக்கட்டும். ரிலேவின் 86-ஆம் பின்னுக்கு, சுவிட்ச் வழியாக, இக்னிஷனிலிருந்து சிக்னல் எடுத்தால் சாவியை எடுத்ததும் கம்ப்ரஸரும் அணைந்துவிடும். குழந்தைகள் சுவிட்சைத் தட்டிவிட்டாலும் கவலையில்லை.

நின்றால் எஞ்சின் தானே அணைந்து, கிளம்பும்போது தானே ஓடத் தொடங்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனையில் ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். கம்ப்ரஸரின் எர்த்தை நேராக மைனஸ் முனையில் மாட்டினால் அந்தக் கரண்ட் சென்சாரின் கணக்கில் வராது, பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்பதை வண்டி தப்பாகப் புரிந்துகொள்ளும். சென்சாரைத் தாண்டி, கம்பெனி கொடுத்திருக்கிற பாடி எர்த் போல்ட்டில் மாட்டுங்கள், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு.

எங்கே பொருத்துவது? பானட்டுக்குள் வைத்தால் வயர் குட்டை, வேலை சுலபம். ஆனால் சூடு, சேறு, ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் எல்லாம் அங்கேதான். நான் பரிந்துரைப்பது கேபினுக்குள், பின் சீட்டுக்குப் பின்னால் பக்கவாட்டில். தடித்த வயருக்குக் கூடுதலாகச் செலவாகும், இரைச்சலும் உள்ளே கேட்கும். இருந்தாலும் கம்ப்ரஸர் பல வருஷம் உழைக்கும். பானட்டுக்குள்தான் இடம் என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டீசல் லைன் இரண்டிலிருந்தும் தள்ளி, ஃபில்டரை ஒரு ஹோஸ் வழியாக உயரமான, உலர்ந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். முன்பக்க ஏர்பேக் சென்சார் பக்கம் போகவே வேண்டாம்.

வெறும் தகட்டில் திருகாணி போட்டு மாட்டிய கம்ப்ரஸர், நாலாவது பயணத்தில் தகட்டையே கிழித்துக்கொண்டு தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். கம்பெனி போல்ட்டுகளில் நிற்கிற மாதிரி ஒரு பிராக்கெட் செய்து, ரப்பர் புஷ் வைத்து, கழன்று வராத நைலாக் நட் போடுங்கள். அதற்காகச் சேசிஸில் துளை போடாதீர்கள்.

காற்று வெளியே வரும் முதல் ஒரு முழத்துக்கு ஸ்டீல் பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸ்தான். நீல நிற பியூ (பாலியூரிதேன் பிளாஸ்டிக்) டியூபை நேராகச் செருகினால், அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில் அது இளகிப் பிய்த்துக்கொண்டு வரும். டேங்க் எல்லோருக்கும் தேவையில்லை. ஏர் லாக்கரோ (இரு பக்கச் சக்கரங்களும் சேர்ந்தே சுழலும்படி காற்றழுத்தத்தில் பூட்டுவது) காற்றில் ஓடும் கருவிகளோ இருந்தால் பார்க்கலாம், அப்போது பிரஷர் சுவிட்ச், சேஃப்டி வால்வ், தண்ணீர் வடிக்கும் டிரெயின் மூன்றும் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் பில்லை வைத்துக்கொண்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் ஃபிட்டிங் என்று பதிவு செய்துவிடுங்கள். வாரண்டி உள்ள வண்டி என்றால் ஷோரூமில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்யலாம். வண்டியை மூடிய ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒரு டயரை நிரப்பிக்கொண்டே மல்டிமீட்டரில் பேட்டரி முனைகளைப் பாருங்கள், பிறகு கம்ப்ரஸர் முனைகளைப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் வயரோ அதன் நுனியில் மாட்டும் உலோக லக்கோ சரியில்லை. கம்ப்ரஸரை நிறுத்தியதும் ஃபியூஸ் ஹோல்டரைப் புறங்கையால் மெதுவாகத் தொடுங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அன்றைக்கே பேட்டரி முனையிலிருந்து கம்ப்ரஸர் வயரைக் கழற்றிவிட்டு, மறு வயரிங் முடிகிறவரை அந்த கம்ப்ரஸரைத் தொடாதீர்கள். அப்படியே ஃபயர்வால் துளையில் விரலை விட்டு, குரோமெட் இருக்கிறதா என்றும் பாருங்கள்.