அளவு ஜாக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

ஐம்பதைத் தாண்டிய அக்காமார்கள் கடைக்கு வந்ததும் பையிலிருந்து முதலில் எடுப்பது அளவு ஜாக்கெட்டைத்தான். "இதே அளவுல தைச்சிரும்மா, வயித்துக்கிட்ட மட்டும் கொஞ்சம் லூசா விட்டுரு." அந்த ஜாக்கெட்டுக்குப் பெரும்பாலும் எட்டு, பத்து வயது இருக்கும். பக்கத் தையலை இரண்டு முறை பிரித்திருப்பார்கள். உள்ளே விட்ட துணியும் தீர்ந்திருக்கும். மதுரையில் 22 வருடமாகத் தைக்கிறேன். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு டேப்பை எடுப்பதுதான் என் வழக்கம்.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர ஆரம்பிக்கிறது. கையும் காலும் அப்படியே இருக்க, நடு உடம்பு மட்டும் உருண்டுவிடும். ஆப்பிள் உடல்வாகு என்று சொல்வது இதைத்தான். கூடவே மார்பு இறங்கும், பலருக்கு மேல்முதுகு லேசாக வளையும். சுற்றளவு மட்டும் கூடியிருந்தால் தையலைப் பிரித்துவிட்டால் போதும். ஆனால் மார்பு வடிவம் வரப் பிடித்துத் தைக்கும் டார்ட் மடிப்பின் முனை விழவேண்டிய இடமே ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் கீழே போயிருக்குமே, பழைய ஜாக்கெட் அதை எப்படிச் சொல்லும்?

அளவை நின்றபடி ஒரு முறை, ஸ்டூலில் உட்கார வைத்து ஒரு முறை எடுப்பேன். வயிற்றுச் சுற்று உட்காரும்போது இரண்டு இஞ்ச் வரை கூடுவதைப் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டில் நிற்கும் நேரத்தைவிட உட்காரும் நேரம்தானே அதிகம்? அப்புறம், எந்த பிரா போட்டுக்கொண்டு அந்த ஜாக்கெட்டை அணியப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு அளவு கொடுங்கள். துவண்டுபோன பிராவோடு வந்தால் மார்பும் வயிறும் ஒரே மேடாகத் தெரியும். இந்த உடல்வாகில் ஒல்லியான இடம் மார்புக்கு நேர் கீழேதான். அது கண்ணில் பட்டாலே பாதி வேலை முடிந்தது.

"தொப்பை தெரியாம கீழ்ப்பட்டியை இறுக்கிப் பிடிச்சிரு" என்று கேட்காதவர்கள் குறைவு. இறுக்கினால் சதை எங்கே போகும்? பட்டிக்குக் கீழே மடிப்பாக வந்து நிற்கும். நான் மார்புக்குக் கீழே டார்ட்டில் படிய வைத்துவிட்டு, அதற்குக் கீழே ஒன்றரை இஞ்ச் நீளம் கூட்டி, அந்தப் பகுதியைத் தளர்வாக விடுவேன். பக்கங்களில் சின்ன ஓப்பன் கொடுத்தால் குனியும்போது மேலே ஏறாது. கை முழங்கை வரை, முன்கழுத்து வி வடிவில். முதுகு வளைந்தவர்களுக்குப் பின்கழுத்தை அகலமாக வெட்டினால் தோள் இறங்கிக்கொண்டே இருக்கும். கொக்கி முன்னால்தான். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். முதுகுக்குக் கை கொண்டுபோக முடியாத ஒருவருக்குப் பின்கொக்கி வைத்துக் கொடுப்பது பாவம்.

சுடிதார் டாப்பில் வேறொரு சங்கதி. வயிறு துணியை முன்னால் இழுத்துக்கொள்வதால் முன்பக்கம் ஏறி நிற்கும், பின்பக்கம் தொங்கும். வெட்டும்போதே முன்பக்கத்தை ஒரு இஞ்ச் நீளமாக வெட்ட வேண்டும். ரெடிமேட் வாங்கினால் தோளைப் பாருங்கள். வயிற்றுக்காக இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தால் தோள் முழங்கைப் பக்கம் போய்விடும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு. தோள் பொருந்தி, கீழே போகப் போக விரிகிற ஏ-லைன் டாப் எடுத்தால் வயிற்றுக்குத் தானாக இடம் கிடைக்கும். சைடு ஓப்பன் வயிற்று மேட்டுக்குக் கீழே தொடங்கட்டும்.

அழகைவிட எனக்குப் பயமான விஷயம் பாவாடை நாடா. இடுப்பைச் சுற்றிக் கறுத்த கோடு இல்லாதவர்களை என் வாடிக்கையாளர்களில் விரல்விட்டு எண்ணலாம். வருடக்கணக்காக இடுப்பில் இறுக்கிக் கட்டியதால் ஆறாத புண் வந்து, அது தோல் புற்றுநோயாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி மகாராஷ்டிரம், பீகார் மருத்துவர்கள் 2024-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். இது மிக அரிது, பதற வேண்டாம். ஆனால் நாடா பட்ட இடத்தில் புண் வந்து வாரக்கணக்கில் ஆறவில்லை என்றால் மஞ்சளைப் பூசிக்கொண்டு இருக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். பாவாடைக்கு நான் தைப்பது மூன்று இஞ்ச் அகலப் பட்டை. முன்னால் சுருக்கம் இருக்காது, பின்னால் மட்டும் எலாஸ்டிக். சுருக்கம் வயிற்றின் மேல் சேராததால் ஒரு இஞ்ச் குறைந்ததுபோலவும் தெரியும்.

டேப் கையில் இருக்கும்போது இன்னொன்று. இந்தியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்று 80 செ.மீ.க்கு மேல் போனால் சர்க்கரை, இதய நோய்க்கான எச்சரிக்கை என்கிறார்கள் மருத்துவர்கள். நம் டேப்பில் முப்பத்தொன்றரை இஞ்ச். தையல்காரி சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அளவுச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

சேலையைப் பொறுத்தவரை, கஞ்சி போட்ட காட்டனும் ஆர்கன்சாவும் வயிற்றில் எழும்பி நிற்கும். மல் காட்டன், கிரேப், நாலு தண்ணி கண்ட சுங்குடி எல்லாம் உடம்போடு விழும். கொசுவம் ஐந்தாறு மடிப்பு, தட்டையாக, தொப்புளுக்குச் சற்று இடப்பக்கம். கருப்பு கட்டினால் ஒல்லியாகத் தெரியும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. முகத்துக்கு எடுக்கிற நிறத்தைக் கட்டுங்கள்.

போன மாதம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட்டை வாங்க வந்தார். போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அளவுக்குக் கொடுத்த பழைய ஜாக்கெட்டை நான் நீட்டினேன். "அது எதுக்கும்மா, மிஷின் துடைக்க வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.