"நாங்கள் முறையாக வந்தவர்கள்"

அமெரிக்காவில் குடியேற்ற வழக்குகள் பார்க்கும் என் அலுவலகத்தில் இந்தப் பேச்சு வாரம் தவறாமல் காதில் விழும்: "நாங்கள் முறையாக விசா வாங்கி வந்தவர்கள். குடியேறியவர்கள்மேல் காட்டும் இந்த வெறுப்பெல்லாம் முறையில்லாமல் வந்த மற்றவர்கள்மேல்தானே?" குடியுரிமை விண்ணப்பத்தோடு வந்த ஒருவர் சென்ற மாதமும் இதையே சொன்னார். பேனாவை மூடி வைத்துவிட்டு அவருக்குப் பகத் சிங் திண்டின் கதையைச் சொன்னேன்.

திண்ட் பஞ்சாபி சீக்கியர். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். 1918இல் சீருடையோடு போய்க் குடியுரிமை பெற்றார். நான்கே நாளில் பறித்தார்கள். 1920இல் ஓரிகன் மாநிலத்தில் மீண்டும் கிடைத்தது. அரசு விடவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

அன்றைய சட்டப்படி வெள்ளையர்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை பெறலாம். அந்தச் சட்டம் அநியாயம் என்று திண்ட் தரப்பு வாதாடவில்லை. உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையர் என்றது. இந்தியப் பூர்வகுடிகளோடு மணஉறவு வைத்துக்கொள்ளாத சாதி வழக்கத்தையே சான்றாகவும் காட்டியது. (அந்த வாதம் வென்றிருந்தால் நம்மில் எத்தனை பேருக்குக் கதவு திறந்திருக்கும்?)

மூன்று மாதம் முன்புதான், வெள்ளையர் என்றால் காகேசிய இனத்தவர் (அன்றைய இன நூல்கள் ஐரோப்பியரோடு வட இந்தியரையும் சேர்த்த பிரிவு) என்று சொல்லி, குடியுரிமை கேட்ட ஜப்பானியரான ஒசாவாவின் வழக்கை அதே நீதிமன்றம் தள்ளியிருந்தது. திண்ட் காகேசியர் என்று வந்து நின்றதும் அளவுகோல் மாறியது. இன நூல்கள் என்ன சொன்னாலும் சரி, சாமானியன் யாரை வெள்ளையன் என்கிறானோ அவனே வெள்ளையன் என்று 1923 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பானது. இரண்டு தீர்ப்பையும் எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட், இங்கிலாந்தில் பிறந்து குழந்தையாக வந்தவர்.

ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள்மீதும் அரசு வழக்குப் போட்டது. சான் பிரான்சிஸ்கோ வணிகர் வைஷ்ணோ தாஸ் பகாய் ஆங்கிலம் பேசியவர், மேல்நாட்டு உடை உடுத்தியவர், கைநிறையப் பணத்தோடு வந்தவர். குடியுரிமை போனது, சொத்தும் கைவிட்டுப் போனது. 1928இல் தற்கொலை செய்துகொண்டார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் சிறிது நேரம் பேசவில்லை. குடியுரிமைக்கு இன வரம்பு 1952இல் ஒழிந்துவிட்டது என்றும், இன்று உண்மையை மறைத்தோ சட்டத் தகுதியில்லாமலோ வாங்கியதாக நீதிமன்றத்தில் நிரூபித்தால் பறிக்கலாம் என்றும் விளக்கினேன். அவர் விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்து, கைது பற்றிய கேள்வியில் விரலை வைத்தார்.

"கல்லூரி நாளில் ஒரு முறை பிடித்தார்கள். வழக்குத் தள்ளுபடி. அதையுமா எழுத வேண்டும்?"

எழுத வேண்டும் என்றேன்.