மேளத்துக்குக் கொஞ்சம் சோறு

சீனாவின் தென்மேற்கு மூலையில், யுன்னான் மாகாணத்து சிஷுவாங்பன்னாவில், டாய் இன மக்கள் வாசிக்கும் யானைக்கால் மேளத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதன் உருவம்தான். ஒரே மரத்தைக் குடைந்த உடம்பு. மேலே அகன்று, இடுப்பில் ஒடுங்கி, அடியில் யானைப் பாதம் மாதிரி விரிந்திருக்கும். பெரிய மேளம் ஆளுயரத்துக்குக் கிட்ட வரும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையால் அடித்தபடியே ஆடுவார்கள். எனக்குப் பிடித்த விஷயம் அதுவல்ல. தோலின் நடுவில் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால், சோறு!

அவித்த ஒட்டரிசிச் சோற்றைப் பிசைந்து நடுவில் அப்புவது, தட்டிப் பார்ப்பது, போதாவிட்டால் இன்னும் கொஞ்சம், கூடிப்போனால் கிள்ளி எடுப்பது. சுருதி சேர்ப்பது இப்படித்தான்.

வாரை இழுத்துக் கட்டினால் போதாதா? போதாது. வட்டத் தோல் பல விதமாக அதிரும். முதல் விதத்தில் தோல் முழுக்க ஒன்றாக மேலும் கீழும் போகும், நடுப்பகுதிதான் அதிகம் ஆடும். அடுத்த விதத்தில் ஒரு பாதி ஏறும்போது மறுபாதி இறங்கும், நடுவில் போகிற கோடு அசையாது. வெறும் தோலில் இரண்டாவதன் அதிர்வெண் முதலாவதைப் போல 1.59 மடங்கு. இந்த விகிதம் முழு எண்ணாக இல்லாததால்தான் வெறும் தோலின் ஒலியில் காது ஒரு தெளிவான சுரத்தைப் பிடிக்க முடிவதில்லை. வாரை எவ்வளவு இழுத்தாலும் எல்லா அதிர்வும் ஒரே விகிதத்தில்தான் ஏறும்; 1.59 அப்படியே நிற்கும்.

சோறு அப்படியில்லை, அது ஆள் பார்த்து வேலை செய்யும். நடுவில் எடை ஏறினால் முதல் அதிர்வு மந்தமாகி ஒலி கீழே இறங்கும். இரண்டாவதற்கோ, சோறு உட்கார்ந்திருப்பது அசையாத கோட்டின் மேல் என்பதால், பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆக 1.59 மெல்ல 2-ஐ நோக்கி நகரும், அடியும் கனத்த ‘கும்’ ஆகும்.

மிருதங்கம் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். தொப்பி என்கிற இடப் பக்கம் ரவையைக் குழைத்து அப்புவதும் இதே வித்தைதான், வலந்தலை என்கிற வலப் பக்கத்தின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டமான கரணை அதன் நிரந்தர வடிவம். கரணை, அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல்சுரங்களை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்று சி.வி. ராமன் 1920-லேயே ‘நேச்சர்’ இதழில் எழுதிவிட்டார்.

ஒட்டரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து ஏறக்குறைய கிடையாது, எல்லாம் அமைலோபெக்டின் என்ற இன்னொரு வகை மாவுச்சத்து, அதனால்தான் அத்தனை பிசுபிசுப்பு. எவ்வளவு அடித்தாலும் சட்டென்று உதிராது. ஆனால் காயக் காய எடை குறையும், ஒலி மேலே ஏறும், திரும்பவும் கை வைக்க வேண்டும்.

சோறுதான் வேண்டும் என்றும் இல்லை. குவாங்சியின் மலைகளில் யாவோ மக்கள் மஞ்சள் களிமண்ணைக் குழைத்துத் தோலில் பூசுகிறார்கள், மேளத்தின் பெயரே மஞ்சள் மண் மேளம். யுன்னானிலேயே தெஆங் மக்கள் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள்: மேளத்தின் உடம்பில் ஒரு சின்னத் துளை, அதன் வழியாகத் தண்ணீரை ஊற்றி, உள்ளே மரமும் தோலும் நனைந்த பிறகுதான் அடிக்கவே தொடங்குவார்கள்.