ஏரிக்கரை ஆடுகளும் நெய்வேலி காட்டாமணக்கும்

பங்குனி, சித்திரையில் சென்னைப் புறநகர் ஏரிகள் வற்றத் தொடங்கியதும் கரையில் புல் கருகிவிடும். அப்போதும் பச்சைப்பசேலென்று நிற்பது நெய்வேலி காட்டாமணக்கு. இதய வடிவ இலை, வெளிர் ஊதாப் புனல் பூ, ஒடித்தால் பால். ரேடியோ பூ என்றால் பலருக்கும் தெரிந்துவிடும். தென் அமெரிக்கச் செடி; வேலிக்கென்று நட்டது ஏரிக்குள் இறங்கிவிட்டது.

இது ஆட்டுக்கு நஞ்சு. ஆடு முதலில் இதை முகர்ந்துவிட்டு ஒதுக்கிவிடும். வேறு பச்சை இல்லாதபோதுதான் வாய் வைக்கும். ஆனால் ஒருமுறை பழகிய ஆடு, புல் இருந்தாலும் இதையே தேடிப் போகும். அதைப் பார்த்து மந்தையில் மற்றவையும் பழகும். ஆகவே விரும்பித் தின்னும் ஆட்டை முதலில் மந்தையிலிருந்து பிரித்துக் கட்டுங்கள்.

இலையிலுள்ள ஸ்வைன்சோனைன் என்ற நச்சு, உடல் செல்களில் சர்க்கரைச் சங்கிலிகளை உடைக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. உடைபடாத கழிவு செல்லுக்குள்ளேயே தேங்கும். மூளை நரம்புச் செல்களில் தேங்கும்போதுதான் வெளியே தெரிகிறது. ஒரு நாள் தின்றவுடன் ஒன்றும் ஆகாது, வாரக்கணக்கில் தின்ற பிறகே அறிகுறி வரும். அதனால்தான் பலரும் செடியைச் சந்தேகிப்பதே இல்லை, குடற்புழு மருந்து கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

முடி சிலிர்த்து, ஆடு மெலிந்து, மந்தமாக நிற்கும். தீவனத்தை எட்டப் போகும்போது தலை நடுங்கும். பின்னங்கால் பின்னும், படுத்தால் எழச் சிரமப்படும். சினை ஆடு கருச்சிதைவதும், பிறந்த குட்டி கால் மடங்கி நிற்க முடியாமல் கிடப்பதும் உண்டு. நச்சு பாலிலும் இறங்குவதால் அந்தத் தாயிடம் குட்டியை ஊட்ட விடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால், ஆட்டின் தலையை ஒரு நிமிடம் மேல்நோக்கித் தூக்கிப் பிடித்துவிட்டுச் சட்டென்று விடுங்கள். பாதிக்கப்பட்ட ஆடு பின்பக்கம் தள்ளாடும், சில விழுந்துவிடும். எச்சில் ஒழுகினாலோ, குரல் மாறியிருந்தாலோ, நாய் கடித்திருக்கலாம் என்றாலோ இந்தச் சோதனை வேண்டாம். வாய்க்குள் கையும் வைக்காதீர்கள், அது வெறிநோயாக இருக்கலாம். ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தால் மூளையில் புழுக்கட்டி இருக்கலாம். எதுவானாலும் 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டுபோகலாம்.

இதற்கு முறிவு மருந்து கிடையாது. செடியை நிறுத்துவதுதான் சிகிச்சை. தொடக்கத்திலேயே நிறுத்தினால் பெரும்பாலானவை தேறும். நரம்புச் செல்லே செத்துப்போன பிறகு தள்ளாட்டம் நிலைத்துவிடும். எண்ணெய், புளிக்கரைசல் என்று வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கத் தடுமாறும் ஆட்டுக்கு அது நுரையீரலில் இறங்கிவிடும்.

கோடையில் வெறும் வயிற்றோடு ஏரிக்கு ஓட்டாமல், வளர்ந்த ஆட்டுக்கு ஒரு கிலோ அகத்தி அல்லது வேலிமசால் கொடுத்துவிட்டு ஓட்டுங்கள். நாள் முழுக்கக் கட்டிவைத்தால் 3 கிலோ பசுந்தீவனமாவது வேண்டும். இடமில்லாத சென்னையில் அது சுலபமில்லை என்பது தெரிந்ததுதான்.

செடியை அழிப்பதில்தான் தவறு அதிகம். அரிவாளால் வெட்டி அங்கேயே போட்டால், ஈரமண்ணைத் தொட்ட ஒவ்வொரு கணுவும் வேர்விட்டுத் தனிச்செடியாகும். தண்ணீரில் விழுந்த துண்டு மிதந்துபோய் அடுத்த கரையில் முளைக்கும். ஜேசிபி வைத்துப் புரட்டினாலும் இதே கதைதான், நூறு துண்டாக்கிப் புதைத்துவிடும். ஏரி வற்றிய வைகாசியில், கடப்பாரையால் வேர்க்கட்டையோடு பெயர்த்து, தண்ணீர் எட்டாத மேட்டில் தண்டு முறுக்கென்று ஒடியும்வரை காயவையுங்கள். வாடிய இலையிலும் நச்சு இருக்கும், ஆடு அண்டாமல் பாருங்கள். களைக்கொல்லியை நீர்நிலையில் அடிக்கவே வேண்டாம். ஏரி நீர்வளத்துறையுடையதா உள்ளாட்சியுடையதா என்று கேட்டு, அனுமதி வாங்கிய பிறகே இறங்குங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் கரையை மறுபடி சுற்றிவாருங்கள். விடுபட்ட கணுக்கள் அப்போது துளிர்த்திருக்கும். ஒரு முழ உயரத்திலேயே, மண் ஈரமாக இருக்கும்போது, கையாலேயே பிடுங்கிவிடலாம்.